வீட்டுப் படமும் படப்பிடிப்பாளர் கூலியும்

‘வீட்டைக் கட்டிப் பார்; கலியாணத்தைச் செய்து பார்’ என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். இவ்விரண்டோடு ‘வீட்டை விற்றுப் பார்’ என்பதனையும் மூன்றாவதாகச் சேர்த்துக்கொள்ள வேண்டிய காலம் யாழ்ப்பாணத்துக்கு வந்து சில பத்தாண்டுகள் ஆகிவிட்டன. கட்டிய பெற்றோர் மறைந்துவிட, பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் வேரூன்றிவிட, திறப்பு அயல்வீட்டுக்காரர் கையில் இருக்கும் வீடுகள் நம் ஒழுங்கைகள்தோறும் உள்ளன. அவற்றை வாங்க எண்ணுவோரிலும் பலர் கடல் கடந்தே வாழ்கின்றனர். விற்பவர் ஓரிடம், வாங்குபவர் வேறோரிடம், வீடு மற்றோரிடம் என்றிருக்கும் இந்நிலையில், மூன்றையும் ஒன்று கூட்டுவது நிழற்படமே. அந்தப் படத்தை எடுப்பவருக்கு என்ன கூலி கொடுக்கலாம், எதற்காகக் கொடுக்கலாம், எவ்வகையிற் கொடுத்தலாகாது என்பனவே இக்கட்டுரையின் பொருள்.

இலக்கியப் பக்கத்திற் கூலிக் கணக்குக்கு என்ன வேலை என்று அன்பர் சிலர் வினவக்கூடும். ஈழத்துச் சிறுகதைகளை வரிசையாகப் படித்தவர்களுக்கு அந்த ஐயம் எழாது. முதுசொம், சீதனம், தேடியதேட்டம், எல்லை வேலி, பங்குக் கிணறு என்பவற்றை நீக்கிவிட்டால் நம் கதைகளிற் பாதி எழுதப்பட்டிரா. வீடு நமக்குப் பொருள் மாத்திரமன்று. குடும்ப வரலாற்றின் ஏடும் அதுவே. அந்த ஏட்டை மற்றவர் கையிற் கொடுக்கும்போது அதனைப் பற்றி நாம் சொல்லும் முதற் சொல் ஒரு படமாக இருக்கின்றது. சொல்லிற் பொய் கலத்தல் ஆகாது என்று மாணவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியர்கள், படத்திற் கலக்கும் பொய்யைப் பற்றியும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆதலின் படத்தின் கூலியைப் பற்றிய கேள்வி, மெய் சொல்வதற்கு நாம் எவ்வளவு செலவு செய்யத் தயாராயிருக்கின்றோம் என்ற கேள்வியுமாகும்.

நம் நாட்டில் நிலம் கைமாறுவதற்குச் சட்டம் பல காவல்களை வைத்துள்ளது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனை நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதிக் கையொப்பமிட்ட உறுதியாக இருத்தல் வேண்டும். இன்றேல் அது செல்லுபடியாகாது. ஒல்லாந்தர் ஆட்சியில் 1707 ஆம் ஆண்டில் எழுத்திலே தொகுக்கப்பெற்ற தேசவழமை, பிரிபடாத பங்கு விற்கப்படும்போது உடன்பங்காளருக்கு முன்வாங்கும் உரிமையைத் தருகின்றது. 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கச் சட்டம் அவ்வுரிமையை ஒழுங்குபடுத்திற்று. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவர்க்குக் காணி கைமாற்றுவதைக் கட்டுப்படுத்துகின்றது. ஆகவே பிற நாட்டுக் குடியுரிமை பெற்ற நம்மவர்கள் வாங்குமுன் தங்கள் நிலையை ஆராய்ந்துகொள்ளல் வேண்டும். இத்தனை காவலும் எழுத்துக்குத்தான். படத்துக்கு நொத்தாரிசு இல்லை, சாட்சியும் இல்லை. ஆயினும் வாங்குபவர் மனம் முடிவு செய்வது படத்தைப் பார்த்த அன்றேயாகும். உறுதி அதற்குப் பின்னர் வருவது. காவலற்ற இடத்தில் அதனை எடுப்பவரின் நேர்மை ஒன்றே காவலாக நிற்கின்றது.

இனி, அவர் செய்யும் வேலை யாதென நோக்குவோம். ‘பொத்தானை அமுக்குவதற்கு இவ்வளவு பணமா?’ என்று கேட்பவர் பலர். வீட்டின் உட்புறத்தைப் படமெடுத்தல் மனித முகத்தைப் படமெடுப்பதினும் வேறான தொழில். நம் நாட்டு வெயிலில், சன்னலுக்கு வெளியே கண் கூசும் ஒளி. உள்ளே நாற்சார் வீட்டின் அறைகளில் மங்கிய இருள். நம் கண் ஒரு நொடியில் இரண்டுக்கும் இசைந்துகொள்ளும். கமராவுக்கு அந்த ஆற்றல் இல்லை. அறைக்கு ஏற்ப ஒளி விட்டாற் சன்னல் வெறும் வெள்ளைத் துண்டாகும்; சன்னலுக்கு ஏற்ப விட்டால் அறை இருட்டறையாகும். ஆதலின் முக்காலியில் கமராவை அசையாது நிறுத்தி, ஒரே காட்சியை மூன்று அல்லது ஐந்து வேறு ஒளியளவுகளில் எடுத்துப் பின்னர்க் கணினியில் அவற்றை இணைக்கின்றனர். கமரா சிறிது மேல்நோக்கினாலும் சுவர்கள் உள்ளே சாய்ந்து விழுவது போலத் தோன்றும். எனவே அதன் மட்டம் பார்த்தல் வேண்டும். குசினி விளக்கின் மஞ்சள் நிறமும் முற்றத்து வெளிச்சத்தின் நீல நிறமும் ஒரே சுவரில் விழும்போது, அச்சுவரின் உண்மையான நிறம் எதுவென்று திருத்த வேண்டும். இவையாவும் கற்றுப் பழகிச் செய்யும் வேலைகள்.

வெளிப்புறப் படத்துக்கு ஞாயிற்றின் நிலையை அறிந்திருத்தல் வேண்டும். யாழ்ப்பாணம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்பது பாகைக்கும் பத்துப் பாகைக்கும் இடையில் உள்ளது. சித்திரைத் தொடக்கத்திலும் ஆவணியின் முற்பகுதியிலும் நண்பகல் ஞாயிறு ஏறத்தாழத் தலைக்கு நேரே நிற்கும். அப்பொழுது எடுத்தால் தாழ்வாரத்தின் நிழல் விறாந்தை முழுவதையும் கறுப்பாக்கிவிடும். கிழக்கு நோக்கிய வாசலைக் காலையிலும் மேற்கு நோக்கியதை மாலையிலும் எடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் முகமுள்ள வீட்டுக்கு இரண்டு முறை வரவேண்டும். இந்த அறிவுக்கும் காத்திருப்புக்கும் விலை உண்டு.

அவ்விலை எவ்வாறு அமைகின்றது? சந்தையில் வழங்கும் விலை ஊருக்கு ஊர் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆகையால் ஒரு தொகையை இங்கே விதியாகக் கூறுவதிற் பயனில்லை. கணக்கின் வழியைக் கூறுகின்றேன். அன்பர்கள் தத்தம் ஊர்க் கூலியை அதில் இட்டு நிரப்பிக்கொள்ளலாம். எடுத்துக்காட்டாக, ஒருவர் கமரா, அகன்ற வில்லை, முக்காலி, ஒளிக்கருவி, கணினி ஆகியவற்றுக்கு 12 இலட்சம் ரூபா முதலிட்டார் என்றும், அவை நான்கு ஆண்டுகள் உழைக்கும் என்றும், ஆண்டுக்கு 100 வேலை கிடைக்கும் என்றும் வைத்துக்கொள்வோம். 400 வேலைக்கு 12 இலட்சம் என்றால், ஒரு வேலைக்குக் கருவித் தேய்மானம் 3,000 ரூபா. ஓர் இடத்தரமான வீட்டுக்குப் போய்வர 2 மணித்தியாலம், படமெடுக்க 4 மணித்தியாலம், கணினியில் தெரிந்து திருத்த 6 மணித்தியாலம், ஆக 12 மணித்தியாலம். மணித்தியாலத்துக்கு 1,500 ரூபா என்று கொண்டால் 18,000 ரூபா. போக்குவரத்துக்கு 3,000 ரூபா. மொத்தம் 24,000 ரூபா.

இப்பொழுது மறுபக்கத்தையும் பார்ப்போம். வீடும் வளவும் 3 கோடி ரூபாவுக்கு விலைபோகின்றன என்று வைத்துக்கொள்வோம். முத்திரைத் தீர்வை முதல் 1 இலட்சத்துக்கு நூற்றுக்கு 3 வீதமும் மிகுதிக்கு நூற்றுக்கு 4 வீதமுமாகக் கணக்கிடப்படுகின்றது. அஃது 11,99,000 ரூபா. தரகருக்கு நூற்றுக்கு 2 வீதம் பேசியிருந்தால் 6 இலட்சம் ரூபா. நொத்தாரிசின் கட்டணமும் நில அளவையாளரின் கட்டணமும் வேறு. இவற்றோடு ஒப்பிட்டால் மேலே கண்ட 24,000 ரூபா, விலையின் நூற்றில் ஒரு பங்கினுடைய பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானது. தரகருக்கு ஆறு இலட்சம் கொடுக்க முகம் சுளிக்காதவர், படப்பிடிப்பாளரிடம் நாலாயிரம் ரூபாவைக் குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் வாதாடுவதை நான் கண்டிருக்கின்றேன். அதே மனிதர் தம் மகளின் கலியாணத்துக்குக் கனத்த அட்டைப் படத்தொகுப்பும், பறக்கும் கமராவும், கலியாணத்துக்கு முன்னரே கடற்கரையில் எடுக்கும் படங்களும் வேண்டும் என்று கேட்ட பணத்தைக் கேட்டபடி கொடுத்தவர். கலியாணப் படத்தை உறவினர் பார்ப்பர். வீட்டுப் படத்தை அந்நியர் பார்ப்பர் என்பது அவருடைய எண்ணம் போலும்.

மலிவான படம் சில வேளைகளிற் கூடிய செலவாய் முடியும். அண்மையில் என் உறவினர் ஒருவரின் வீட்டுக்காக நான் மூவரிடம் கூலி கேட்டேன். ஒருவர் மற்றவர் கேட்டதில் ஐந்தில் ஒரு பங்கே கேட்டார். அவர் உச்சி வெயிலில் வந்து, கால் மணி நேரத்துக்குள் கைத்தொலைபேசியிலேயே எல்லாவற்றையும் எடுத்து முடித்துக்கொண்டு போனார். படங்களில் விறாந்தை குகையாகவும், சன்னல்கள் வெள்ளைத் துணிகளாகவும், கொடியிற் காய்ந்த சேலை வீட்டின் முதன்மைப் பொருளாகவும் காட்சியளித்தன. மற்றவர் காலை ஏழு மணிக்கு வந்தார்; கமராவை வெளியே எடுக்குமுன் வளவை ஒருமுறை சுற்றிவந்தார்; முற்றத்தைப் பெருக்குவித்தார்; பத்தரை மணிவரை நின்றார். மூன்றாமவர் கேட்ட கூலியைப் பற்றித்தான் நான் விரிவாகப் பேச வேண்டியிருக்கின்றது. அவர் ஒரு சதமும் வேண்டாம் என்றார். வீடு விலைப்பட்டால் விலையில் ஒரு வீதம் தந்தாற் போதும் என்றார்.

கூலி பேசும் முறைகள் நான்கு. படமொன்றுக்கு இவ்வளவு என்பது ஒன்று; வீடொன்றுக்கு இவ்வளவு என்பது மற்றொன்று; நாட்கூலி அல்லது அரைநாட் கூலி என்பது மூன்றாவது; விற்பனை விலையிற் பங்கு என்பது நான்காவது. படக் கணக்கிற் பேசினால் வேண்டாத படங்கள் பெருகும். நாட்கூலி, பெரிய வளவுக்கும் பழைய நாற்சார் வீட்டுக்கும் பொருந்தும். வீட்டுக் கணக்கிற் பேசுவது பெரும்பாலோர்க்கு ஏற்றது. எத்தனை படம், எத்தனை நாளில், எத்தனை முறை திருத்தம் என்பவற்றை முன்னரே எழுதிக்கொண்டால் பின்னர் மனக்கசப்புக்கு இடமில்லை. இம்மூன்றிலும் எனக்கு மறுப்பில்லை. நான்காவது முறையை மாத்திரம் நான் உறுதியாக மறுக்கின்றேன். விலையிற் பங்கு பெறும் படப்பிடிப்பாளர் சாட்சியாக இருந்த நிலையினின்று நீங்கி வியாபாரத்திற் பங்காளியாகின்றார். வீடு எவ்வளவு பெரிதாகத் தோன்றுகின்றதோ அவ்வளவுக்கு அவர் பங்கு வளரும். கைமுதலில்லாதவர்க்கு இம்முறை உதவியாகத் தோன்றலாம். ஆனால் அந்த உதவியின் செலவை, படத்தை நம்பி அந்நிய நாட்டிலிருந்து பணம் அனுப்புபவரே இறுக்க நேரிடும்.

படம் எவ்வாறு பொய் சொல்லும் என்பதனை மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று. 50 மில்லிமீற்றர் வில்லை, முழு அளவுக் கமராவில், கிடையாக ஏறத்தாழ 40 பாகை அகலத்தைக் காட்டும். 16 மில்லிமீற்றர் வில்லை ஏறத்தாழ 97 பாகையைக் காட்டும். சிறிய அறையிற் சுவரோடு முதுகை ஒட்டி நிற்கும் படப்பிடிப்பாளருக்கு அகன்ற வில்லை இன்றியமையாதது. அதனைக் குற்றமெனக் கூற முடியாது. எனினும் அவ்வில்லை அண்மையிலுள்ளதைப் பெரிதாக்கிச் சேய்மையிலுள்ளதைச் சிறிதாக்கும். பத்தடி அறை மண்டபமாக நீளும். ஒழுங்கை வீதியாக விரியும். அயல்வீட்டு மதில் அடிவானத்துக்குப் போய்விடும். அறையின் நீள அகலங்களை அடிக்கணக்கிற் படத்தின் கீழே எழுதிவிட்டால் இந்த மயக்கம் பெருமளவு தீரும். எழுத மறுப்பவரின் நோக்கத்தை நாம் ஐயுறலாம்.

வில்லையின் மயக்கத்தினும் காலத்தின் மயக்கம் பெரிது. யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளில் மழைநீர் ஊறி, கீழேயுள்ள உவர்நீரின் மேல் மிதந்து நிற்பதே நம் நன்னீர். வடகீழ்ப் பருவ மழை ஓய்ந்த தை மாதத்தில் நீர்மட்டம் உயர்ந்து கிணறுகள் பொலிந்திருக்கும். மழைக்கு முந்திய புரட்டாதியில் மட்டம் தாழ்ந்திருக்கும். கடலை அடுத்த ஊர்களில் அப்பொழுது உவர்ப்பும் ஏறும். தையில் எடுத்த கிணற்றுப் படத்தைப் புரட்டாதியில் அனுப்புபவர் ஒரு சொல்லும் பொய்யாகக் கூறவில்லை. ஆயினும் முழுக் கிணற்றையும் பொய்யாக்கிவிட்டார். அவ்வாறே மாரியில் முழங்கால் அளவு வெள்ளம் நிற்கும் வளவை ஆடி மாதத்தில் எடுத்தால் அது பொட்டல் வெளியாகத் தோன்றும். படத்தின் கீழே எடுத்த திகதியைக் குறிப்பதற்கு ஒரு சதமும் செலவில்லை. அந்தத் திகதியை வற்புறுத்திக் கேட்கும் வழக்கம் நம்மிடையே வரவேண்டும்.

படத்தினாற் சொல்லவே முடியாதவையும் உள. தண்ணீரின் சுவையைப் படம் காட்டாது. சுன்னாகத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் மாசு கலந்தமை தொடர்பான வழக்கில் 2019 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததை வாசகர் அறிவர். அக்கிணறுகள் பலவும் படத்திற் பார்க்கத் தெளிவாகவே இருந்திருக்கும். உறுதியிலுள்ள பரப்பும் நிலத்திலுள்ள பரப்பும் ஒத்திருக்கின்றனவா என்பதனை நில அளவையாளரே சொல்லல் வேண்டும். பதினாறு பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர் என்ற நம் கணக்கில், வேலி அரையடி நகர்ந்தாலும் அது வழக்காகும் என்பதை யாழ்ப்பாணத்தார்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆகவே படத்துக்குக் கொடுக்கும் பணம், தண்ணீர்ப் பரிசோதனைக்கும் அளவைக்கும் உறுதி ஆராய்ச்சிக்கும் கொடுக்க வேண்டிய பணத்துக்கு ஈடாகாது. நல்ல படம் கிடைத்துவிட்டது என்று மற்றவற்றைத் தவிர்ப்பவர், அட்டையின் அழகைக் கண்டு நூலைப் பாடநூலாக வைப்பவரை ஒப்பர்.

இக்காலக் கணினியோ இன்னொரு படி மேலே போய்விட்டது. மங்கிய வானத்தை நீலமாக்கவும், மின்கம்பத்தை மறையச் செய்யவும், வெறும் அறையில் இல்லாத கதிரை மேசைகளை இடவும், சுவர் வெடிப்பைப் பூசி மறைக்கவும் சில விநாடிகள் போதும். இவற்றுட் சில ஒப்பனை, சில வஞ்சனை. எது ஒப்பனை, எது வஞ்சனை என்று பிரிக்க எனக்கு ஒரு அளவுகோல் உண்டு. வாங்குபவர் நேரில் வந்து நின்றால் நாளையும் இருக்கக் கூடியதை அகற்றுவது வஞ்சனை. நாளை இல்லாமற் போகக் கூடியதை அகற்றுவது ஒப்பனை. கொடிச் சேலையை அகற்றலாம், மின்கம்பத்தை அகற்றலாகாது. குப்பையைப் பெருக்கலாம், வெடிப்பைப் பூசலாகாது. பறக்கும் கமராவினால் எடுக்கும் படம் வளவின் முழு அமைப்பையும் காட்டுவதால் மிகவும் பயனுடையது. எனினும் அது சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளுக்கு உட்பட்டது என்பதையும், அயலவர் முற்றத்தையும் கிணற்றடியையும் அவர் சம்மதமின்றி எடுத்தல் பண்பன்று என்பதையும் மறத்தலாகாது.

நேர்மையான வீட்டுப் படத் தொகுதியில் எவை இருத்தல் வேண்டும்? படலையும் அதற்கு வரும் ஒழுங்கையும், வீட்டின் நான்கு முகங்கள், விறாந்தை, ஒவ்வோர் அறையும் இரண்டு மூலைகளிலிருந்து, குசினி, கிணறும் கிணற்றடியும், மலசலகூடம், கூரையின் உட்புறம், நான்கு எல்லைகள், பழுதுகள் உள்ள இடங்கள். பழுதையும் படமெடுப்பதா என்று விற்பவர் தயங்கலாம். விமானமேறி வந்து பார்த்த பின்னர் வெடிப்பைக் கண்டு மனம் மாறித் திரும்புபவராற் பயனென்ன? பழுதை முன்னரே காட்டியவரிடம் வாங்குபவர் மற்றவற்றையும் நம்புவர். பேரத்தில் ஒரு சிறு தொகை குறையலாம். காலமும் மானமும் மிஞ்சும்.

இங்கே ஒரு மறுப்புக்கு விடை கூறல் வேண்டும். எல்லாரும் மூன்று கோடிக்கு விற்பவர்கள் அல்லரே. கடனுக்காக இரண்டு பரப்பு வெறுங்காணியை விற்கும் கைம்பெண்ணும் படப்பிடிப்பாளரை அமர்த்த வேண்டுமா என்று கேட்பர். வேண்டியதில்லை. வெறுங்காணிக்கும் சிறு வீட்டுக்கும் கைத்தொலைபேசிப் படம் போதும். காலை வேளையிற் கமராவை நெஞ்சுயரத்தில் மட்டமாகப் பிடித்து, அகன்ற வில்லையைத் தவிர்த்து, எல்லைகளையும் பாதையையும் கிணற்றையும் தெளிவாக எடுத்து, திகதியும் அளவும் எழுதினால் அது நல்ல படமே. உயர்வகுப்பு மாணவர் ஒருவர் ஒரு நாளிற் கற்றுக்கொள்ளக் கூடியது இது. பழைய நாற்சார் வீடு, உள்ளறைகள் பல கொண்ட வீடு, வாங்குபவர் நேரில் வரமுடியாத வீடு ஆகியவற்றுக்கே தொழிலறிந்தவர் தேவை. தேவையில்லாத இடத்தில் ஆளை அமர்த்தும்படி கூறும் நோக்கம் எனக்கில்லை. தேவையான இடத்தில் அவருடைய உழைப்பைக் குறைத்து மதிப்பதையே நான் கண்டிக்கின்றேன்.

விற்பனைக்கு அப்பாலும் இப்படங்களுக்கு ஒரு பயன் உண்டு. என் மனத்தில் முதலிடம் பெறுவதும் அதுவே. பாரிஸ் நகரில் யூஜின் அட்ஜே (1857–1927) என்றொரு படப்பிடிப்பாளர் இருந்தார். பழைய வீடுகளின் வாசல்கள், மாடிப்படிகள், முற்றங்கள், கடைமுகப்புகள் ஆகியவற்றை அவர் ஆண்டுக்கணக்காக எடுத்து, ஓவியர்களுக்கும் நூலகங்களுக்கும் விற்றுச் சீவித்தார். தம் தொழிலைக் ‘கலைஞர்க்கான ஆவணங்கள்’ என்றே பலகையில் எழுதி வைத்திருந்தார். 1920 ஆம் ஆண்டில் 2,621 கண்ணாடி நெகற்றிவ்களைப் பிரெஞ்சு அரசின் பழஞ்சின்னத் துறைக்கு 10,000 பிராங்குக்கு விற்றார். ஒன்றுக்கு நான்கு பிராங்கும் விழவில்லை. அவர் இறந்தபின் அவரிடம் எஞ்சியிருந்த தொகுதியை அமெரிக்கப் பெண்மணியான பெரனிஸ் அபொற் வாங்கிக் காத்தார். 1968 இல் நியூயோர்க் நவீன கலைக் காட்சியகம் அதனை வாங்கிற்று. இன்று பழைய பாரிசின் முகத்தை அறிய விரும்புவோர் அவர் படங்களையே தேடிச் செல்கின்றனர். கூலிக்காக எடுத்த படம் ஒரு நகரத்தின் நினைவாக நின்றுவிட்டது.

நம் நிலையோ அதனினும் அவசரமானது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் தம் வீடுகளை விட்டுப் புறப்பட்டனர். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் பெயர்ந்தது. அவ்வேளைகளிற் கைக்குக் கிடைத்ததை எடுத்துச் சென்றோர், அல்பங்களை எடுத்துச் செல்ல இயலவில்லை. இன்று தம் பிறந்த வீட்டின் ஒரு படமும் கையில் இல்லாத முதியோர் நம்மிடையே எத்தனை பேர்! அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கு வீட்டைச் சொல்லால் வரைந்து காட்டுகின்றனர்: இங்கே சங்கடப்படலை, இங்கே தலைவாசல், அங்கே மாமரம், அதன் கீழே அம்மி என்று. போரிற் பிழைத்த வீடுகளை இப்பொழுது விற்பனை கொண்டுபோகின்றது. வாங்குபவர் பலர் பழைய வீட்டை இடித்து மாடிவீடு எழுப்புகின்றனர். அஃது அவருடைய உரிமை. ஆனால் அந்த நாற்சார் வீட்டின் தூணும் முற்றமும் கடைசியாக ஒளியிற் பதிந்த நாள், விற்பனைக்காகப் படமெடுத்த நாளாகவே இருக்கும். விளம்பரத்துக்காக எடுத்த படமே அவ்வீட்டின் இறுதிப் படமாகிவிடுகின்றது.

ஆதலின் கூலி பேசும்போதே இரண்டு விடயங்களை எழுத்திற் பேசிக்கொள்ளுமாறு வேண்டுகின்றேன். ஒன்று, உரிமை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி நிழற்படமும் பாதுகாக்கப்படும் படைப்பாகும். படைத்தவரே உரிமையின் முதல் உடையவர் என்பது பொதுவிதி. பணம் கொடுத்தமையினாலேயே எல்லா உரிமையும் நமக்கு வந்துவிட்டதாக எண்ணலாகாது. விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாமா, குடும்பத்தார் வைத்துக்கொள்ளலாமா, நூலில் அச்சிடலாமா, பின்வரும் உரிமையாளர் பயன்படுத்தலாமா என்பனவற்றைத் தெளிவாக எழுதிக்கொள்ளல் நலம். மற்றொன்று, சேமிப்பு. சுருக்கப்பட்ட படங்கள் கைத்தொலைபேசியில் வலம்வந்து மறைந்துவிடும். முழு அளவிலான மூலப் படங்களின் பிரதி ஒன்று குடும்பத்தாரிடம் இருத்தல் வேண்டும். குடும்பத்தாரும் படப்பிடிப்பாளரும் சம்மதித்தால், 2005 இல் தொடங்கி ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்தி வரும் நூலகம் போன்ற நிறுவனங்களிடம் ஒரு பிரதியைக் கையளிக்கலாம். இவற்றுக்காகப் படப்பிடிப்பாளர் சிறிது கூடுதலாகக் கேட்டால் அது நியாயமே.

படப்பிடிப்பாளர்களுக்கும் ஒரு சொல். நீங்கள் கேட்கும் கூலி நியாயமானது என்று வாதாட நான் அணியமாயிருக்கின்றேன்; ஆனால் அக்கூலியின் விவரத்தை வாய் திறந்து சொல்லுங்கள். வருவதற்கு இவ்வளவு, எடுப்பதற்கு இவ்வளவு, திருத்துவதற்கு இவ்வளவு என்று சிட்டை எழுதிக் கொடுங்கள். மேசனும் தச்சரும் பொருட்கணக்கு எழுதிக் கொடுக்கும் ஊர் இது. கணக்குத் தெரிந்த இடத்திற் பேரம் குறையும். விற்பவர் வெடிப்பை மறைக்கச் சொன்னால் மறுப்பதற்கும் உங்களுக்கு உரிமை உண்டு. அம்மறுப்பினால் ஒரு வேலை போகலாம், ஆனால் உங்கள் பெயரிட்ட படத்தைக் கடல் கடந்தவர் ஐயமின்றி நம்பும் நாள் வரும்.

முடிவாக என் கருத்தைத் தொகுத்துக் கூறுகின்றேன். தொழிலறிந்த படப்பிடிப்பாளருக்கு, ஒன்றரை நாள் உழைப்புக்குரிய கூலியும் கருவித் தேய்மானமும் போக்குவரத்தும் சேர்த்துக் கொடுத்தல் முறை. அத்தொகை வீடு விற்பனையின் மற்றச் செலவுகளுக்கு முன் மிகச் சிறியது. அதனை விற்பனை விலையோடு கட்டிவைத்தலாகாது. திகதியும் அளவும் இல்லாத படத்தை வாங்குபவர் ஏற்றலாகாது. பழுதை மறைத்த படத்தை விற்பவர் அனுப்பலாகாது. ஆசிரியப் பெருமக்கள் விடுமுறை நாளொன்றில் தம் மாணவரை அழைத்துச் சென்று ஊரிலுள்ள பழைய வீடொன்றை, உரியவர் சம்மதத்தோடு, படலை முதற் கிணற்றடி வரை முறையாகப் படமெடுக்கப் பழக்கலாம். ஒளியையும் அளவையும் மெய் உரைத்தலையும் அவர்கள் ஒரே பாடத்திற் கற்றுக்கொள்வர். அந்த வீடு அடுத்த ஆண்டு இருக்குமோ இல்லையோ, அதன் முற்றத்தில் விழுந்த காலை வெயில் எங்கு விழுந்தது என்பதை அறிந்தவர் சிலர் அந்த ஊரில் இருப்பர்.